ஆணியில் இரண்டு டோக்கன்

ஆம்பூர்
14.4.2024, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு, தம்பி பிரேம்நாத் எழுதிக்கொண்டது.

தேவ கிருபையால் நானும் நந்தினியும் இங்கே சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் கேட்டதற்கு "கீது" என்றாய். அது ஒரு பதிலா?

நீ சொன்னபடி கடிதமே எழுதுகிறேன். மெஷின் சத்தத்தில் போன காது உனக்கு. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கிறது, ஸ்பீக்கரில் போட்டால் ஆல்வின் வீடு முழுக்கக் கேட்கிறது. மருமகள் எதிரில் எதைப் பேசுவது என்று நீ கேட்டது நியாயம்தான். தபால் ஆபீசில் இன்லேண்ட் லெட்டர் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தாள்.

ஒரு நல்ல சேதி. மே மாதம் எங்கள் கம்பெனிக்கு மூன்று கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். சென்னையில் ஒரு டிரஸ்ட் இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளை ஸ்காலர்ஷிப் கொடுத்துப் படிக்க வைக்கிறது. கோடை லீவில் எட்டு வாரம் அவர்களை ஏதாவது தொழிற்சாலைக்கு அனுப்பி வேலை பார்த்துக் கற்கச் சொல்கிறது. இந்தப் பக்கம் இத்தனை ஷூ கம்பெனிகள் இருக்க, எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முழுப் பொறுப்பும் என்னுடையது. மேனேஜர் மூர்த்தி சார் மீட்டிங்கில் எல்லோர் எதிரிலும் "பிரேம் பாத்துப்பான்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நானும் ஒரு ஸ்காலர்ஷிப் பிள்ளைதானே அக்கா? எனக்கு டிரஸ்ட் நீ. நீ ஷூ தைத்துத்தான் நான் டிப்ளமோ முடித்தேன்.

பத்து நாளாக வெள்ளையடிப்பு நடக்கிறது. கேன்டீனுக்குப் புது டம்ளர் வந்திருக்கிறது. வேறு சில ஏற்பாடுகளும் இருக்கின்றன. எழுதினால் இடம் போதாது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆல்வினுக்கும் மேகலாவுக்கும் என் வாழ்த்து.

உன் தம்பி
பிரேம்நாத்


ஓசூர்
23.4.2024

அன்புத் தம்பி பிரேமுக்கு, அக்கா விஜயகுமாரியின் ஸ்தோத்திரம்.

நாங்கள் எல்லோரும் சுகம். நந்தினிக்கு மூட்டு வலி தேவலையா? உன் கடிதத்தை மேகலா கையில் கொடுத்துவிட்டுத் தபால்காரர் "யாருக்கும்மா லவ் லெட்டர்?" என்றாராம். நாள் முழுக்க இந்த வீட்டில் அதே பேச்சு.

உடம்பைக் கேட்டாய், எழுதுகிறேன். டாக்டர் தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். மேகலா பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறாள், பத்து மணிக்கு இதுவரை, ஒரு மணிக்கு இதுவரை என்று. எனக்கோ சொம்பை வாயருகே கொண்டு போனாலே, அப்புறம் எழுந்து போக வேண்டுமே என்று கை தானாக இறங்கிவிடுகிறது. வீட்டில் பாத்ரூம் எட்டு அடி தூரம். யாரும் தடுக்கப் போவதில்லை. வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியும் இந்த உடம்பு இன்னும் தையல் லைனிலேயே உட்கார்ந்திருக்கிறது. பீரோவை ஒழிக்கும்போது என் 114-ம் நம்பர் கம்பெனி அட்டை கிடைத்தது. போட்டோவில் கன்னம் என்ன உப்பலாக இருக்கிறது தெரியுமா!

வேறு சில ஏற்பாடுகள் என்று எழுதியிருக்கிறாய். அது என்னவென்று எனக்குத் தெரியாதா? வெளிநாட்டு ஆடிட்காரர்கள் வந்தால் செய்வதுபோல டோக்கனை டிராயரில் போட்டுப் பூட்டப் போகிறீர்கள். நாற்பது பெண்களுக்கு இரண்டு தோல் துண்டு. சூபர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் ஒன்றாவது தொங்கினால்தான் பாத்ரூமுக்கு எழுந்திருக்கலாம். இரண்டும் வெளியே போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்தால் கம்பெனிக்கு அழகா என்ன?

மழுப்பாமல் பதில் எழுது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்
அக்கா


ஆம்பூர்
12.5.2024, ஞாயிறு

பிரியமுள்ள அக்காவுக்கு, தம்பியின் ஸ்தோத்திரம்.

இங்கே சுகம். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ தண்ணீர் குடிக்கிறாயா? மேகலா போட்ட கோட்டை மதித்து நட.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நவீத், ஜான்சன், சௌந்தர்யா. பையன்கள் இருவரும் கட்டிங்கிலும் ஸ்டோரிலும் இருக்கிறார்கள். சௌந்தர்யா நீ இருந்த அதே தையல் லைனில். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமம், அப்பா நிலத்தில் கூலி வேலை. வேலூரில் கடைசி வருஷம் போகப் போகிறாள். ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுகிறாள். ஆபீஸ் கேன்டீனில் சாப்பிடச் சொன்னால் கேட்காமல், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு லைன் பெண்களோடு போய் உட்கார்ந்துவிடுகிறாள். பார்க்க உன் சாயல் கொஞ்சம் இருக்கிறது, அந்தத் தாடை.

மூர்த்தி சார் அவளுக்குக் கொடுத்த தலைப்பு "லைனில் வீணாகும் நேரம்". எட்டு வாரம் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். கடைசியில் நான் டிரஸ்டின் படிவத்தில் ஒவ்வொருவருக்கும் மார்க் போட வேண்டும். மார்க் குறைந்தால் அடுத்த வருஷம் ஸ்காலர்ஷிப் கிடையாதாம். அந்தப் பெண் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன்கள் தினமும் கேட்கிறார்கள்.

நேற்று லைனில் எல்லம்மா என் எதிரிலேயே ஒரு பாட்டில் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, "இன்னா சார், இந்தப் பசங்கள இங்கியே தங்க வெச்சிடேன், நாங்களும் மனுசங்களா இருந்துக்கறோம்" என்றாள். லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு என் சீட்டில் வந்து உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், டிராயரில்தான். சாவி என்னிடம்.

தம்பி
பிரேம்நாத்


ஓசூர்
25.5.2024

என் தம்பி பிரேமுக்கு ஆசீர்வாதம்.

நாங்கள் நலம். எனக்குப் பத்து நாளாக விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் கொஞ்சம் வீங்குகிறது. பெரிதாக ஒன்றும் இல்லை, பதறாதே.

சாவி உன்னிடமா! நல்ல பதவிதான்.

எல்லம்மாவை விசாரித்ததாகச் சொல். வாய்தான் ஜாஸ்தி, மனசு தங்கம். டோக்கன் வந்த புதிதில் கம்பெனி பஸ் ஏறினால் இறங்கும்வரை அவள் ஒரே அர்ச்சனைதான். "எந்தப் பாவி கொண்டாந்தானோ, அவன் வூட்டுப் பொம்பளைங்களுக்கு இந்தக் கதி வரணும்" என்பாள். யார் கொண்டுவந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஆபீசில் முடிவு பண்ணினார்கள் என்றுதான் பேச்சு. என்னைக் கேட்டபோதெல்லாம் நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பெண் சௌந்தர்யாவுக்கு ஒரு நாள் பிரியாணி வாங்கிக் கொடு. ஆம்பூருக்கு வந்து கேன்டீன் சாம்பார் சாப்பிட்டுப் போனாள் என்று இருக்கக் கூடாது. அவள் எழுதுவதை எழுதட்டும். குறுக்கே போகாதே. உன்னை எனக்குத் தெரியும்.

நந்தினிக்கு என் அன்பு.

அக்கா


ஆம்பூர்
16.6.2024, ஞாயிறு

பிரியமுள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கால் வீக்கம் வடிந்ததா? ஆல்வினிடம் சொல்லி நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்.

இங்கே மனசு சரியில்லை. எல்லம்மா டோக்கனைப் பற்றி வாயை விட்டுவிட்டாள். சௌந்தர்யா நேராக என்னிடம் வந்து, "சார், டிராயர்ல டோக்கன் இருக்குதாமே, பாக்கலாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் பழைய உற்பத்திக் கணக்கு வேண்டும் என்று ரிக்கார்டு ரூம் சாவி கேட்டாள், கொடுத்தேன். அங்கே ஒரு பழைய காகிதத்தை எடுத்துவிட்டாள். 2010-ல் எழுதியது. செல்போனில் போட்டோவும் பிடித்துக்கொண்டாள்.

அவள் அறிக்கையில் இருப்பது இதுதான்: டோக்கன் இல்லாத இந்த வாரங்களில் பெண்கள் இஷ்டப்படி எழுந்து போனார்கள், ஆனால் ஒரு ஜோடி ஷூகூடக் குறையவில்லை. ஆகவே டோக்கனால் கம்பெனிக்கு லாபம் எதுவும் இல்லை. கூடவே அந்தக் காகிதத்தின் போட்டோவையும் சேர்த்திருக்கிறாள்.

மூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். நான் போய் அவளிடம் கத்தினேன். அந்தப் பக்கங்களை எடுத்துவிடு என்றேன். "பாத்தத எழுதுன்னுதானே சார் அனுப்பினாங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அதில்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஒரே தலைவலி. இத்துடன் முடிக்கிறேன்.

பிரேம்நாத்


ஓசூர்
24.6.2024

தம்பிக்கு,

என் உடம்பு இருக்கட்டும். அது என்ன காகிதம்?

2010 என்றால் நான் மேனேஜரிடம் சொல்லி உன்னை வேலைக்குச் சேர்த்துவிட்ட வருஷம். எங்கள் லைனில் வாட்ச் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நின்றாயே, அதுவா?

நீ எழுதும் கடிதத்தில் எழுதாமல் விட்டதுதான் ஜாஸ்தி இருக்கிறது. சின்ன வயசில் பாத்திரத்தை உடைத்துவிட்டுத் தலைவலி என்று படுத்துக்கொள்வாய். இன்னும் அதே தலைவலிதானா?

பதில் போடு.

அக்கா


பேரணாம்பட்டு
8.7.2024

மதிப்பிற்குரிய பிரேம்நாத் சார் அவர்களுக்கு, சௌந்தர்யாவின் வணக்கம்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நானும் அப்பா அம்மாவும் நலம். ஐந்து முறை போன் செய்தேன், தாங்கள் எடுக்கவில்லை. தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பதிவுத் தபாலில் எழுதுகிறேன்.

டிரஸ்டிலிருந்து என் மதிப்பெண் படிவத்தின் நகல் வந்தது. "ஒத்துழைப்பு: குறைவு. நம்பகத்தன்மை: குறைவு" என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. முதல் வாரம் தாங்களே என்னிடம், "உன்ன மாதிரி ஒரு பொண்ணு வேலைக்கு வந்தா எனக்குப் பாதி பாரம் கம்மி" என்று சொன்னீர்கள். அதை அம்மாவிடம் சொல்லி இருவரும் சந்தோஷப்பட்டோம். ஆகவே படிவத்தை அம்மாவிடம் காட்டவில்லை.

அறிக்கையில் நான் சேர்த்த 2010-ம் வருஷத் தாள் போலி, நானே தயாரித்தது என்று கம்பெனியிலிருந்து டிரஸ்டுக்குக் கடிதம் போயிருக்கிறது. அதில் மூர்த்தி சாரோடு தங்கள் கையெழுத்தும் இருக்கிறது. ஆகஸ்ட் 31-க்குள் நான் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும். கடைசி வருஷம் நின்றால் என்னால் படிப்பை முடிக்க முடியாது சார்.

என்னிடம் போட்டோ மட்டுமே இருக்கிறது. நாற்பது பேர் நம்பரும், யார் எத்தனை முறை பாத்ரூம் போனார்கள், எத்தனை நிமிஷம் என்பதும் அதில் ஆறு நாளுக்கு எழுதியிருக்கிறது. எல்லோருக்கும் மூன்று, நான்கு என்று இருக்க, 114-ம் நம்பருக்கு மட்டும் ஆறு நாளும் பூஜ்யம். கீழே இப்படி இருக்கிறது: "114 ஆறு நாளும் இடத்தைவிட்டு எழவில்லை. பழக்கினால் மற்றவர்களாலும் முடியும். லைனுக்கு இரண்டு டோக்கன் போதும்."

ஆறு நாள் ஒரு மனுஷி எழாமல் இருக்க முடியாதே என்று அன்றே தங்களிடம் கேட்டேன். இந்த 114 யார் சார் என்றேன். தெரியாது என்றீர்கள். எல்லம்மா அக்கா "அத அவரையே கேளு" என்கிறார். தாங்கள் நினைத்துப் பார்த்தால் ஞாபகம் வரலாம். அவர்களை நேரில் பார்க்க விரும்புகிறேன், அறிக்கைக்காக மட்டும் இல்லை.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சௌந்தர்யா


ஓசூர்
20.7.2024

தம்பி பிரேமுக்கு அக்காவின் ஸ்தோத்திரம்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீயும் நந்தினியும் சுகம்தானே?

இங்கே மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தேன். ஆல்வினை உன்னிடம் சொல்லவிடவில்லை. வலதுபக்கக் கிட்னி சுருங்கிப் போய்விட்டதாம், இனி வேலை செய்யாதாம். ஒன்று இருந்தாலும் மனுஷன் பிழைத்துக் கிடக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். நல்ல பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் ஒரு கேள்வி கேட்டாள். "எப்பலேர்ந்தும்மா தண்ணி குடிக்காத பழக்கம்?" எனக்கு உடனே தேதி உட்பட ஞாபகம் வந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருந்தது. வேலை ஜாஸ்தி டாக்டர் என்று சொல்லி முடித்தேன். உனக்காவது சொல்கிறேன். இதுநாள்வரை சொல்லாததற்குக் காரணம், உனக்குக் கஷ்டமாக இருக்குமே என்பதுதான்.

நீ வாட்ச் பிடித்து நின்ற வாரம்தான் அது. புதுச் சட்டை போட்டுக் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாய். என் தம்பி ஆபீசர் என்று எனக்கு அவ்வளவு பெருமை. அப்புறம்தான் தெரிந்தது, யார் பாத்ரூமுக்கு எழுந்தாலும் நீ எழுதுகிறாய் என்று. மற்றவர்களுக்கு நீ ஒரு ஆபீசர். எனக்கு நீ என் இடுப்பில் வளர்ந்த தம்பி. உன் எதிரில் நான் எழுந்து போய், நீ அதை நிமிஷம் பார்த்து எழுதுவதா? உடம்பெல்லாம் கூசியது. காலையில் எழுந்ததும் குடிக்கிற தண்ணீரை நிறுத்தினேன். ஆறு நாளும் அசையவில்லை. எல்லம்மா காதோரம் வந்து, "இன்னாடி, நீ கல்லா?" என்றாள்.

அப்புறம் டோக்கன் வந்தது. யார் வேலை என்று எனக்குப் புரிந்தது. கையால் தொட்டால் அழுதுவிடுவேனோ என்று பயம். வேலையை விடும்வரை பதினோரு வருஷம் ஒரு நாளும் அந்த டோக்கனை எடுக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தால் கூட்டத்தோடு ஓடுவதோடு சரி.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. அப்போது உனக்கு என்ன தெரியும், சின்ன வயசு. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல இருந்தது.

ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ.

அக்கா


ஆம்பூர்
18.8.2024, ஞாயிறு

அக்காவுக்கு,

எந்த முகத்தோடு ஸ்தோத்திரம் எழுதுவது என்று தெரியவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் கேட்கிறேன்.

உன் கடிதம் கிடைத்து இருபத்தைந்து நாள். மறுநாளே ஓசூருக்குப் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரியில் இறங்கி டீ குடித்தேன். எதிர்ப்பக்கம் ஆம்பூர் போகிற பஸ் நின்றது. அதில் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். நந்தினியிடம் அக்காவைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறாள் என்றேன்.

சௌந்தர்யா எனக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. பிறகு இதைப் படி.

படித்தாயா? அந்தத் தாளை எழுதியவன் நான். 114 நீ என்று தெரிந்தேதான் எழுதினேன். நீ எழாமல் உட்கார்ந்திருந்தபோது, என் அக்கா என்றால் சும்மாவா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நீ எனக்கு முன்னால் கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. உன்னால் முடிந்தால் எல்லோராலும் முடியும் என்று கணக்குப் போட்டு, இரண்டு டோக்கன் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். என் முதல் இன்கிரிமென்ட் அதற்குத்தான். ஸ்டோரில் கழிவு சோல் தோலை எடுத்து, வட்டமாக வெட்டி, நம்பர் குத்தி, ராத்திரி லைன் கலைந்த பிறகு ஆணி அடித்ததும் நான்தான்.

அந்தப் பெண் தாளை நீட்டி "யார் சார் இவங்க?" என்று கேட்டாள் அல்லவா? தெரியாது என்றேன். உன்னைத் தெரியாது என்றேன் அக்கா. பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அப்படி மார்க் போட்டேன். மூர்த்தி சார் போலி என்று கடிதம் தயார் செய்து நீட்டியதும் அதிலும் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் போனது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் நானே டிராயரைத் திறந்து டோக்கனை ஆணியில் மாட்டினேன். எல்லம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஐந்தாம் தேதி டிரஸ்டுக்கு எழுதினேன். நான் போட்ட மார்க் பொய், அந்தத் தாள் நிஜம், எழுதியவன் நான், டோக்கன் கொண்டுவந்தவனும் நான் என்று எழுதிவிட்டேன். மூர்த்தி சாருக்கும் நகல் கொடுத்தேன். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை. ரிக்கார்டு ரூமில் அந்தத் தாள் இல்லை, அப்படி ஒரு தொழிலாளியே இருந்ததில்லை என்று அவர் டிரஸ்டுக்குச் சொல்லியிருக்கிறார். டிரஸ்ட்காரர்கள் எனக்குப் போன் செய்து, "ஒரே கம்பெனியிலேர்ந்து நீங்க ஒண்ணு சொல்றீங்க, மேனேஜர் ஒண்ணு சொல்றாரு. நீங்களே மொதல்ல வேற மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அந்த 114-ம் நம்பர் தொழிலாளி உயிரோட இருந்தா அவங்கள பேச வைங்க" என்றார்கள். என் வார்த்தைக்கு மதிப்பு இல்லை. நியாயம்தான்.

அந்த 114 யார் என்று நான் இன்னும் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் உன் உடம்பைப் பற்றி இன்னொரு முறை எழுத எனக்கு உரிமை இல்லை. முடியாது என்றால் விட்டுவிடு. அந்தப் பெண்ணுக்கு இருப்பது 31-ம் தேதிவரை. போனில் கேட்டால் வீடே கேட்கும் என்று கடிதம் எழுதுகிறேன்.

பிரேம்நாத்


ஓசூர்
23.8.2024

பிரேமுக்கு,

சுகம்தான். உன் கடிதத்தை நேற்று மத்தியானம் வாங்கிப் படித்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மேகலா கேட்டதற்குத் தலைவலி என்றேன். நம் குடும்பத்துக்கே அந்த ஒரு வியாதிதான் போல.

கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். நிறைய இருக்கிறது. டோக்கன் உன் வேலை என்று எனக்கு எப்போதோ தெரியும். அதற்கு என் பூஜ்யத்தைக் காட்டினாய் என்று தெரியாது. என் வெட்கம் என்னோடு போகும் என்றுதான் நான் பதினான்கு வருஷம் இருந்தேன். அது நாற்பது பேர் தலையில் விழுந்திருக்கிறது. எல்லம்மாவுக்கு இரண்டு முறை கல் அடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாளே. அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

நீ கிருஷ்ணகிரியில் திரும்பிப் போனதை எழுதியிருக்க வேண்டாம். அதுதான் எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது.

எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே. இதைச் செய். ஆணியில் இருக்கிற இரண்டையும் எடு. டிராயரில் போடாதே, சாவி உன்னிடம் இருக்கிறது என்ற பேச்சே வேண்டாம். ஆணியையும் பிடுங்கிவிடு. வேலை போனால் போகட்டும், கையில் தொழில் இருக்கிறது. பிறகு எல்லம்மாவிடம் போய் நீயே உன் வாயால் சொல். அவள் என்ன திட்டினாலும் முழுசாக நின்று கேள்.

அந்தப் பெண் கடிதத்தைப் பல முறை படித்தேன். அப்பன் கூலிக்காரன், அவளைத் தடுத்து நிறுத்த உன் ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்திருக்கிறது. என்னை நேரில் பார்க்க வேண்டும், அறிக்கைக்காக மட்டும் இல்லை என்று எழுதியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் 114 யார் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

என் அட்டையை ஆல்வினிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து, அவள் கவர்மேல் எழுதியிருந்த போன் நம்பருக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும் முன்பே அது அவளுக்குப் போயிருக்கும். நீ போனில் கேட்டிருந்தால் நாலு நாள் மிச்சமாகியிருக்கும்.

அவளையும் டிரஸ்ட்காரர்களையும் எனக்குப் போன் செய்யச் சொல். ஸ்பீக்கரில்தான் போடுவேன். ஆல்வின் கேட்கட்டும், மேகலா கேட்கட்டும், பக்கத்து வீடும் கேட்கட்டும். தாளில் 114 என்று இருக்கிற இடத்தில் விஜயகுமாரி என்று எழுதச் சொல். ஆறு நாளும் உங்களுக்கு எழுந்து போகவே தோன்றவில்லையா என்று அவர்கள் கேட்டால் நானே பதில் சொல்கிறேன். தோணுச்சு. ஆறு நாளும் தோணுச்சு. எதிர்ல என் தம்பி நின்னுட்டு இருந்தான்.

அக்கா
விஜயகுமாரி